தலைமாற்றி அடுக்கிய சேறு

குழாயை நீளவாக்கில் பிளந்து விரித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், தாஹிராவின் வாய்க்குப் பயந்து தண்ணீர் லாரிக்காரன் ஹாரனை அமுக்காமல் போவான் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனாலும் முழுப் பொய் இல்லை.

குழாய் என்றால் வீட்டுக் குழாய் இல்லை. ஒரு மீட்டர் நீளத்தில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய், உள்ளே கடலடிச் சேறு. கப்பலிலிருந்து இரும்புக் குண்டு கட்டிய ஒரு நீண்ட குழாயை ஆழ்கடலில் இறக்குவோம். அது தரையில் குத்தி நின்று, அடுக்கு கலையாமல் சேற்றை உள்ளே வாங்கிக்கொண்டு மேலே வரும். மீட்டர் மீட்டராக வெட்டுவோம், இரு முனையிலும் மூடி போடுவோம், எந்த முனை மேல் என்று அம்புக்குறி வரைவோம், குளிரறையில் வைப்போம். மேல் முனை பிந்தி விழுந்தது, கீழ் முனை முந்தி விழுந்தது. வழக்கமாக மேலே சிவப்பு மூடி, கீழே கறுப்பு மூடி போட வேண்டும். அந்தப் பயணத்தில் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றுக்கும் கறுப்பு. அம்புக்குறி ஒன்றுதான் ஆதாரம்.

அந்தச் சேற்றை வைத்து நான் ஒரு பெரிய விஷயம் சொல்லியிருந்தேன். சென்னைக்குக் கிழக்கே வெகுதூரத்தில், கடலுக்கடியில் ஒரு மேடு இருக்கிறது. தென்துருவப் பக்கத்திலிருந்து கிளம்பும் குளிர்ந்த கனத்த நீர், கடலின் தரையோடு தரையாக ஊர்ந்து வங்காள விரிகுடா வரைக்கும் வருகிறது. மேடு குறுக்கிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போகும். வேகமாகப் போனால் நைசான வண்டலை அடித்துக்கொண்டு போய்விடும், பருத்த துகள் மட்டும் தங்கும். வேகம் குறைந்தால் நைசும் படியும். ஆக, மேட்டடியில் படிந்த துகளின் பருமனைப் பார்த்தால் அந்த ஓட்டம் எப்போது வலுத்தது, எப்போது தளர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

குழாய்களைப் பிளக்காமல், பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளை போட்டு விரல்நுனியளவு சேறு எடுத்து அளந்தேன். ஒரு குழாயில் ஒவ்வொரு பட்டையும் கீழிருந்து மேலே போகப் போகப் பருத்தது. அடுத்த குழாயில் சிறுத்தது. அதற்கடுத்ததில் மறுபடி பருத்தது. ஓட்டம் வலுத்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, மறுபடி வலுத்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாற்றம் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரு குழாய் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நடக்கிறதே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசைப்பட்டது கண்ணெதிரே வந்து நின்றால் யாருக்குச் சந்தேகம் வரும், சொல்லுங்கள்.

வியாழக்கிழமை நிபுணர் குழு வருகிறது. என் திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அவர்களுக்குக் காட்டலாம் என்று செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு குழாயைப் பிளந்தேன். அதில் ஒரு மணல் பட்டை. மேல் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது, கீழ்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நைசாகிச் சேற்றோடு கலந்தது.

கடலடிச் சரிவில் குவிந்திருக்கும் சேறு சிலசமயம் பிய்த்துக்கொண்டு கீழே பாயும். இடித்த கட்டடத்து மண்ணை லாரி கொட்டுகிற மாதிரி ஒரே மூச்சில் வரும். வருகிற வேகத்தில் தரையைச் செதுக்கிவிட்டுத்தான் படியும். முதலில் பருத்த மணல் விழும், அதன்மேல் நைசு இறங்கும். அதனால் வெட்டு விளிம்பு எப்போதும் அடியில்தான் இருக்கும். என் குழாயில் மேலே இருந்தது. அடுத்த குழாயைப் பிளந்தேன், அடியில் இருந்தது. அதற்கடுத்ததில் மேலே.

யா அல்லாஹ் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஓட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. சரிந்து வந்த சேறு மேட்டில் முட்டிப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். யாரோ என் குழாய்களை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக்கியிருக்கிறார்கள். அம்புக்குறிகளை உற்றுப் பார்த்தேன். நான் கப்பலில் மெல்லிய மார்க்கரால் கிறுக்கிய அம்பு இல்லை அது. அதன்மேல் கறுப்பாகத் தடித்த அம்பு, எல்லாம் ஒரே திசையில், அழகாக.

எங்கள் நிறுவனம் எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மே மாதம் எங்கள் குளிரறை எந்திரம் படுத்துவிட்டது. குழாய்களைக் காசிமேட்டில் ஒரு மீன் குளிர்கிடங்கில் வாடகைக்கு வைத்தோம். இறால் வைக்கும் அறையில் ஒரு மூலை. துளை போட்டு அளந்ததெல்லாம் அதற்கப்புறம்தான். அங்கே என் வீட்டுக்காரர் ஜாபர் சூப்பர்வைசர். அவர் மூலமாகத்தான் இடம் கிடைத்தது. ஆனால் அவர் என் வீட்டுக்காரர் என்பது ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. "சொந்தக்காரங்க எடம்னு தெரிஞ்சா காண்ட்ராக்ட் குடுக்க மாட்டாங்க மச்சான், ரூல்ஸ்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு ரூல்ஸ் இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவே இல்லை.

ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து தரையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. கிடங்கு வாசலில் லோடுமேன் சின்னப்பையன் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். பெயர்தான் அப்படி, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் ஜாபரின் மனைவி என்று என்னைப் பாபி, அதாவது அண்ணி, என்பார்.

"இன்னா பாபி, வெயில்ல வந்துகீறே? குந்து, டீ சொல்றேன்."

"டீயக் கொண்டுபோய்க் கடல்ல ஊத்து! என் பைப்ப ஒண்ணு வுட்டு ஒண்ணு கவுத்து வச்சது யாரு? மீன் பொட்டின்னு நெனச்சியா? மூணு வருஷ வேலை, மூணு வருஷம்! கைநாட்டுங்க கையில குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

ஐஸ் உடைக்கிற எந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். கூடை வைத்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப்பையன் பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"எட்டாவது வரைக்கும் பட்ச்சிகீறேன் பாபி" என்றார், மெதுவாக.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. இன்னும் நாலு வார்த்தை, அதைவிடக் கேவலமாக. எழுதக் கை கூசுகிறது, விட்டுவிடுகிறேன்.

குளிரறைக் கதவைத் திறந்துகொண்டு ஜாபர் வந்தார். மேலே தடித்த ஜெர்கின், புருவத்தில் பனித்துளி. "அவர இன்னாத்துக்கு வையிறே? அவரு பெரிய மன்சன். அம்புக் கோடு நான் போட்டது."

"நீயா?"

"நான்தான் மே. இப்டி உள்ள வா, தெருவுல நின்னுகினு கத்தாத."

உள்ளே ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நாகூர் காலண்டர். உட்கார வைத்துவிட்டுச் சொன்னார். குழாயில் ஒரு முனை கனம், ஒரு முனை லேசு. எல்லாக் கனத்தையும் ஒரே பக்கமாக வைத்தால் தட்டு சாய்கிறது. அதனால் இங்கே மீனை அடுக்குகிற வழக்கப்படி தலைமாற்றி அடுக்கிவிட்டார்கள். வஞ்சிரத்தில் தலை கனம், வால் லேசு. ஒன்றின் தலை இந்தப் பக்கம் என்றால் அடுத்ததன் தலை அந்தப் பக்கம். அப்போதுதான் பெட்டி சமமாக நிற்கும். அவர்கள் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை அது.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குழாய்களை நின்றவாக்கில் வைத்திருந்தோம். நீர் மேல் முனைக்கு ஏறிவிட்டது, அடிமுனை இறுகிவிட்டது.

"அப்பால பார்த்தா, ஈரக் கையி பட்டு உன் அம்பெல்லாம் அயிஞ்சிகினு கீது" என்றார் ஜாபர். "ஒண்ணு ரெண்டுதான் தெரிஞ்சிது. அது பார்த்த பக்கமாவே மார்க்கர் எட்த்து எல்லாத்துக்கும் ஸோக்கா போட்டேன். உனக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னுதான் மே."

"உன்னை யாரு போடச் சொன்னா? ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பேனா மூடியை எடுத்து உருட்டினார். "கேட்டேனே. போன்ல."

கேட்டார். ஞாபகம் வந்ததும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அன்றைக்கு ஆபீசில் கூட்டம். எங்கள் திட்டத் தலைவர் ராமசுப்பு சார், உடன் வேலை செய்யும் அபின், இன்னும் இரண்டு பேர். நான் லேப்டாப்பில் கடலடி மேட்டின் படத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் போன் லேப்டாப்போடு இணைந்திருந்தது. அழைப்பு வந்ததும் அறை முழுக்க ஜாபர் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏ தாஹி, இந்தப் பைப்பு மேல கோடு எய்தி கீதே, அது அயிஞ்சிகினு போவுது மே. எந்தாண்ட வைக்கணும், மேலயா கீயவா?"

அபின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சினிமாவில் வடசென்னைக்காரன் வந்தால் தியேட்டரில் சிரிப்பார்களே, அதே சிரிப்பு. நான் சட்டென்று ஆபீஸ் குரலுக்கு மாறினேன். "எல்லாம் ஒரே பக்கமா இருக்கட்டும், அவ்ளோதான். மீட்டிங்ல இருக்கேன், வச்சிடுங்க" என்று சொல்லி லேப்டாப் திரையில் சிவப்பு வட்டத்தை அமுக்கினேன், போன் பைக்குள்ளேயே கிடந்தது.

"யார் இது, உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறது?" என்று ராமசுப்பு சார் கேட்டார்.

"ஐஸ் ஸ்டோர் ஆளு சார். அந்தப் பக்கத்து ஆளுங்க அப்படித்தான் பேசுவாங்க" என்றேன்.

அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. "அயிஞ்சிகினு போவுது மே, எந்தாண்ட வைக்கணும்" என்று நானே பேசிக் காட்டினேன். மூக்கைச் சுருக்கி, கழுத்தை ஆட்டி. அறையே சிரித்தது. ராமசுப்பு சார்கூட. அபின், "மேடம், சூப்பரா பண்றீங்க, இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவையும் பண்ணினேன்.

நான் எங்கே பிறந்தேன்? ராயபுரம் ஆஸ்பத்திரியில். என் வாப்பா, என் சாச்சா, நான், எல்லாரும் பேசியது அதே பேச்சு. காலேஜில் இரண்டு வருடம் கண்ணாடி முன்னால் நின்று ழகரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டுக்காரரை விற்றுவிட்டேன். விற்றதுதான், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது போனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஆபீஸ் நேரத்தில் அழைக்கவும் இல்லை, வாட்ஸாப்பில் மெசேஜ் மட்டும்தான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"பெரிய பேஜாரா தாஹி?" என்று இப்போது கேட்டார்.

"பெரிய பேஜாருதான் மச்சான். ஓட்டமே இல்ல. எல்லாம் சரிஞ்சு வந்த சேறு."

"அப்போ ஆறு இல்லியா?"

இவர் காசிமேடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கடலுக்கு அடியில் என் பொண்டாட்டி ஓர் ஆறு கண்டுபிடித்திருக்கிறாள், மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறதாம் என்று டீக்கடையில், ஏலக்காரர்களிடம், விசைப்படகுக்காரர்களிடம். ஒருவர் அந்த ஆற்றில் மீன் உண்டா என்று கேட்டாராம். "கேட்டுச் சொல்றேன்" என்று அவருக்குப் பதில் சொல்லியிருந்தார். இப்போது அந்த முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, கோபப்பட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

"இல்ல. கமிட்டி முன்னாடி நான் இன்னா சொல்லுவேன்?"

"உட்டுத்தள்ளு மே. ஸ்டோர் ஆளு பண்ண தப்புன்னு சொல்லிடு. உன் மேல ஒண்ணும் வராது."

அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது மிகவும் கேவலமாக இருக்கிறது. "அப்படியே சொல்லிடுறேன்" என்று எழுந்தேன். வாசலில் சின்னப்பையன் இல்லை. பன் மட்டும் காகிதத்தோடு ஐஸ் பெட்டி மேல் இருந்தது.

வியாழக்கிழமை, மிச்சக் குழாய்களைக் கிடங்கிலிருந்து அனுப்பச் சொல்லியிருந்தேன், யாராவது லோடுமேனிடம். வந்தவர் ஜாபர். பெருநாளுக்கு எடுத்த நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு. கேட் பக்கம் ஓடிப்போய், "நீ ஏன் வந்தே?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சின்னப்பையன் அண்ணன் வரமாட்டேன்னு சொல்லிட்டார்" என்றார். அன்றைக்கு அவர் பேச்சில் என்னமோ வித்தியாசம் இருந்தது. எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிட்டேன். குழாய்களில் பாதி தலைகீழ். ஆழ்கடல் ஓட்டம் பற்றி நான் அனுப்பிய முடிவு தவறு. திருப்பி வைத்துப் பார்த்தால் எல்லாப் பட்டையும் அடியில் பருத்து மேலே சிறுக்கிறது. மேடு செய்தது ஒரே ஒரு வேலைதான், சரிந்து வந்த சேற்றைத் தடுத்துத் தன் காலடியில் தேக்கிக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு நிபுணர்களும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ராமசுப்பு சார் எழுந்தார்.

"தாஹிரா தானே கண்டுபிடிச்சுத் தானே சொல்லிட்டாங்க. இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?" என்றார்.

யாரோ கை தட்டினார்கள். அந்தச் சத்தம் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது எனக்கு.

"சரி, எப்படி நடந்தது இது?" என்று நிபுணர்களில் ஒருவர் கேட்டார்.

"ஸ்டோர்ல நடந்த தவறு சார்" என்றேன்.

"இதைச் சும்மா விடக் கூடாது" என்றார் ராமசுப்பு சார். "கப்பல் செலவு எவ்வளவு தெரியுமா? அந்த ஸ்டோர் முதலாளிக்கு இன்னிக்கே எழுதுங்க. செஞ்சவனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நம்ம வாடகை கிடையாதுன்னு எழுதுங்க."

முதலாளி இரண்டாவது வார்த்தை கேட்க மாட்டார். என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாக அந்தக் குளிரில் நின்று வாங்கிய வேலை. அந்தச் சமயம் பார்த்து ஜாபர் குழாய்த் தட்டைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இவர்தான் சார் ஸ்டோர் சூப்பர்வைசர்" என்றான் அபின்.

ஜாபர் தட்டைப் பதனமாகக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஐயா, தவறு என்னுடையதுதான்" என்றார். "அம்புக்குறி அழிந்து போயிருந்தது. மேடம் அவர்களிடம் கேட்காமல் நானாகவே வரைந்துவிட்டேன். மேடம்மீது எந்தத் தவறும் கிடையாது. மன்னிக்க வேண்டும்."

அழிந்து. ழ அப்படியே விழுந்தது, சுத்தமாக. மேடை ஏறிப் பேசுகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நெற்றியில் வேர்வை. பிறந்ததிலிருந்து நான் கேட்காத தமிழ் அவர் வாயில். என் மாமி பிள்ளை அவர், மூக்கு ஒழுகின காலத்திலிருந்து எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாரோ.

"மேடம், இந்தக் குழாய்களை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவேன்" என்றார் என்னைப் பார்த்து. கண் என் முகத்துக்கு வரவில்லை, என் நெற்றிக்கு மேலே எங்கோ நின்றது.

நான் எழுந்தேன். எழுந்தபோது என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"கேட்டாரு சார்" என்றேன். "கேக்காம போடல. போன் பண்ணிக் கேட்டாரு. நீங்கல்லாம் சிரிச்சீங்களே, அந்தப் போனுதான். நான்தான் எல்லாம் ஒரே பக்கமா வையின்னு சொல்லிட்டு, உங்களோட சேந்துகினு சிரிச்சேன். ஸ்டோர் ஆளுன்னு சொன்னேன். ஸ்டோர் ஆளு இல்ல சார் இவரு. எங்க வூட்டுக்காரரு. யாரையாவது எடுக்கணும்னா என்னை எடுங்க."

அபின் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ராமசுப்பு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சார்" என்றார் ஜாபரிடம்.

"இருக்கட்டும் ஐயா. வண்டி வழியில் நிற்கிறது" என்றார் ஜாபர். போய்விட்டார்.

முதலாளிக்கு எழுதுகிற பேச்சு அத்தோடு நின்றது. குழாய்களை ஒவ்வொன்றாகப் பிளந்து மறுபடி அளக்கச் சொன்னார்கள், திட்டத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வேன் கேட் பக்கத்தில்தான் நின்றது. கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் அவரால் கிளப்ப முடியவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

கடைசியில் வழி கிடைத்து வண்டி திருவொற்றியூர் தாண்டியது. வேனில் மீன் வாடையும் ஈரச் சேற்று வாடையும் அடித்தது.

"மச்சான், கோவமா கீறியா?" என்றேன்.

"கோபம் எல்லாம் ஒன்றும் இல்லைங்க."

அந்த 'ங்க' நெஞ்சில் குத்தியது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரு நாள் என்னை அப்படிப் பேசியது கிடையாது.

"திட்டுயா. ரெண்டு அறை வேணா வுடு. சின்னப்பையன் அண்ணன் வூட்டாண்ட வண்டிய நிறுத்து, அவரு கால்ல வியறேன். இந்த மாரி மட்டும் பேசாத மச்சான். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே, போதாதா?"

"சொன்னீர்கள். கேட்டேன்" என்றார். சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நல்ல மனசு உங்களுக்கு."

"உன் பேச்சு எங்க போச்சு? உன் பேச்சுல பேசேன்."

தண்டையார்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"அன்றைக்குப் போன் கட் ஆகவில்லைங்க. நீங்கள் பேசிக் காட்டினதை இரண்டு தடவையும் கேட்டேன். அப்படியே என்னைப் போலவே இருந்தது."